செவ்வாயின் கால்வாய்கள்
வேற்றுலக நாகரிகம் பற்றிய ஒரு நம்பிக்கையின் வரலாறு

பிற உலகங்களில் உயிர்கள் வாழ்கின்றனவோ, அவற்றுள் நம்மை ஒத்தனவும் நம்மினும் மேம்பட்டனவும் உளவோ என்னும் வினா மிகத் தொன்மையானது. அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதெனக் கற்றோர் பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1877 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, செவ்வாய்க் கோளில் பேரறிவு படைத்த ஓர் இனம் கோள் முழுவதையும் தழுவிய கால்வாய்களை அமைத்து வாழ்கின்றது என்ற கருத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி நின்றது. அதனைப் பரப்பியோர் வஞ்சகரல்லர், பேதையருமல்லர். தேர்ந்த கண்ணும் சிறந்த கருவியும் உடைய அவர்கள், இரவு பல விழித்திருந்து தாம் கண்டதனையே வரைந்தனர். ஆயினும் அவர்கள் வரைந்த கால்வாய் வலை செவ்வாயில் இல்லை. நேர்மையுடையோர் இல்லாததை எவ்வாறு கண்டனர்? அஃது இல்லை என்பது எவ்வாறு தெளிவாயிற்று? இவ்விரு வினாக்களையும் ஈண்டு வரலாற்று முறையில் ஆராய்வாம்.

பல்லுலகக் கொள்கை

கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்தோத்தில், உலகம் ஒன்றேயாம் எனக் கொண்டார். அவர்க்குச் சிறிது பிற்பட்ட எபிக்கூரஸ், அணுக்கள் எண்ணிறந்தனவாதலின் அவற்றாலாகிய உலகங்களும் எண்ணிறந்தனவாதல் வேண்டும் என வாதித்தார். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது அரிஸ்தோத்திலின் கொள்கையே. 1543 ஆம் ஆண்டிற் கோப்பர்னிக்கஸ், பூமியும் ஞாயிற்றைச் சுற்றும் கோள்களுள் ஒன்று என நிறுவ முற்பட்டபோது, அக்கொள்கையின் அடித்தளம் அசைந்தது. பூமி ஒரு கோள் எனின், ஏனைய கோள்களும் பூமியை ஒத்தனவாதல் கூடுமன்றோ?

இவ்வினாவை எழுப்புதல் அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. யோர்தானோ புரூனோ 1600 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் எரித்துக் கொல்லப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுட் பல சமயக் கோட்பாடுகள் பற்றியன; எண்ணிறந்த உலகங்கள் உண்டு என்ற அவரது கொள்கையும் அவற்றுட் சேர்ந்திருந்தது. ஆனால் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே காலம் மாறிவிட்டது. 1686 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் பொந்தநெல் பல்லுலகங்களைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூலை மக்கள் விரும்பிக் கற்றனர். ஒல்லாந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் இப்பொருள் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பின்னர் 1698 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1784 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல், செவ்வாயின் அச்சுச் சாய்வு பூமியினதை ஒத்தது எனவும், அதன் துருவங்களிற் காணப்படும் வெண்மை பனியாம் எனவும் எடுத்துக்காட்டி, அங்கு வாழ்வோர் பலவாற்றானும் நம்மைப் போன்ற நிலையினர் ஆகலாம் என எழுதினார். எனவே, செவ்வாயில் உயிருண்டு என்னும் எதிர்பார்ப்பு, கால்வாய்கள் காணப்படுமுன்னரே அறிஞர் உள்ளத்திற் குடிகொண்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு சொல்லால் விளைந்த மயக்கம்

பூமியானது இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை செவ்வாயை நெருங்கும். செவ்வாயின் பாதை நீள்வட்டமாதலின், அவ்வாறு நெருங்கும் தூரம் எல்லாக் காலத்தும் ஒன்றாயிராது. பதினைந்து அல்லது பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறையே அது மிகக் குறைவாகும். 1877 ஆம் ஆண்டு அத்தகையதோர் ஆண்டு. அப்போது செவ்வாய் ஏறத்தாழ மூன்றரைக் கோடி மைல் தூரத்தில் நின்றது. அந்நிலையிலும் அதன் வட்டம், நம் கண்ணுக்குத் தோன்றும் முழுமதி வட்டத்தின் குறுக்களவில் எழுபதில் ஒரு பங்களவினதே. அச்சிறு வட்டத்தையும், ஓயாது அசைந்துகொண்டிருக்கும் வளிமண்டலத்தின் ஊடாகவே நோக்குதல் வேண்டும். உருவம் கணப்பொழுது தெளியும், மறுகணம் கலங்கும். தெளிந்த கணத்திற் கண்டதை நினைவிற் கொண்டு வரைதலே அக்கால முறையாகும்.

அவ்வாண்டு ஓகஸ்து மாதத்தில் ஏசாப் ஹோல் என்பவர் வாஷிங்டனிலிருந்து செவ்வாயின் துணைக்கோள்கள் இரண்டினைக் கண்டுபிடித்தார். அதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரத்துப் பிரேரா அவதான நிலையத்தில், ஜியோவன்னி ஸ்கியாப்பரெல்லி எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட வில்லையுடைய தொலைகாட்டிகொண்டு செவ்வாயின் படத்தை வரைந்தார். கருநிறப் பகுதிகளைக் கடல்கள் எனவும், செந்நிறப் பகுதிகளை நிலங்கள் எனவும் கொண்டு, பழைய புவியியலிலும் புராணங்களிலும் வழங்கிய பெயர்களை அவற்றுக்கு இட்டார். நிலங்களை ஊடறுத்துச் செல்லும் மெல்லிய கோடுகள் பலவும் அவர் கண்ணுக்குத் தென்பட்டன. அவற்றை அவர் ‘கனாலி’ என்றழைத்தார்.

இத்தாலிய மொழியில் அச்சொல் இயற்கையாய் அமைந்த நீர்வழிக்கும், மாந்தர் வெட்டிய நீர்வழிக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. மொழிபெயர்த்தோர் வெட்டப்பட்டதைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். தமிழில் ஓடை என்றால் அதனை வெட்டியவர் யார் என எவரும் வினவார். வாய்க்கால் என்றாலோ வெட்டியவர் ஒருவர் இருந்தே தீர்தல் வேண்டும். அவ்வாறே ஒரு சொல், தான் செல்லுமிடமெல்லாம் ஒரு கருத்தையும் உடன்கொண்டு சென்றது. காலமும் அதற்குத் துணை நின்றது. சூயெஸ் கால்வாய் 1869 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பனாமாவில் 1881 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் வேலை தொடங்கினர். கால்வாய் வெட்டுதலே நாகரிகத்தின் உச்சச் செயல் என மக்கள் எண்ணிய நாட்களில், வேறோர் உலகத்தின் நாகரிகமும் கால்வாய் வடிவிலேயே காட்சியளித்தமை வியப்பன்று.

நம்பிக்கை எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். 1900 ஆம் ஆண்டிற் பிரான்சில் ஒரு சீமாட்டியின் மரணசாதனப்படி அறிவிக்கப்பட்ட குஸ்மான் பரிசு, வேற்றுலகத்தோருடன் செய்தித்தொடர்பு கொள்வோர்க்கு ஓர் இலட்சம் பிராங்கு அளிப்பதாயிருந்தது. ஆனால் செவ்வாய் அதனின்றும் விலக்கப்பட்டது. அக்கோளுடன் தொடர்பு கொள்ளுதல் மிக எளிதெனக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம்.

லொவெலின் கொள்கை

ஸ்கியாப்பரெல்லி தாம் கண்டதற்குக் காரணம் கூறுவதில் அடக்கமுடையவராயிருந்தார். அவ்வடக்கம் பேர்சிவல் லொவெலிடத்து இல்லை. 1855 ஆம் ஆண்டிற் பொஸ்தன் நகரத்துச் செல்வக் குடும்பத்திற் பிறந்த இவர், யப்பானிலும் கொரியாவிலும் வாழ்ந்து அந்நாடுகளைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1894 ஆம் ஆண்டில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, அரிசோனாவில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள பிளாக்ஸ்தாப் என்னுமிடத்தில் அவதான நிலையம் ஒன்றை நிறுவினார். வளிமண்டலம் தெளிந்திருக்கும் உயர்ந்த இடத்தை நாடி அவதான நிலையம் அமைத்தல் வேண்டும் என்ற அவரது கருத்து, பின்னர் உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவரது வாதம் கேட்போரைக் கவரும் ஒழுங்குடையது. செவ்வாயின் கருநிறப் பகுதிகளினூடும் கோடுகள் செல்லுதலின் அவை கடல்கள் அல்ல, தாவரம் செறிந்த நிலங்களே. ஆகவே அக்கோளில் நீர் அரிது. துருவப் பனி இளவேனிலில் உருகுகின்றது; அப்போது கருநிறம் துருவத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கிப் படிப்படியாகப் பரவுகின்றது. கோடுகளோ நேரானவை, பல கோடுகள் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன. இயற்கை இவ்வாறு கோடு கிழியாது. எனவே, வறண்டு முதிர்ந்த உலகமொன்றில், அறிவிற் சிறந்த இனமொன்று துருவ நீரைக் கோள் முழுவதற்கும் கொண்டுசெல்லுகின்றது. நமக்குத் தென்படுவது கால்வாயன்று. அதன் இரு கரையிலும் செழித்த பயிரே. கோள் முழுவதற்கும் ஒரே நீர்ப்பாசனம் அமைத்தோர் தம்முட் போர் செய்வோராயிருத்தல் இயலாது என்பதும் அவர் கருத்து.

இக்கருத்துக்களை 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று நூல்களில் அவர் விரித்துரைத்தார். அழிவை எதிர்நோக்கியும் ஒற்றுமையால் உயிர்வாழும் ஒரு பேரினத்தின் சித்திரம் அக்கால மக்களின் உள்ளத்தை உருக்கியது. அதே செவ்வாயினரைக் கொடியோராக்கி எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதை 1898 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

இவ்விவாதம் நடந்த நாட்களில் இலங்கையிலும் செவ்வாயை அவதானித்தோர் ஒருவர் இருந்தார் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது. 1867 ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த், பிரித்தானிய இராணுவப் பொறியியற் படையைச் சேர்ந்தவர். திருகோணமலையிற் பணிபுரிந்த காலத்தில், பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டிகொண்டு வியாழனையும் செவ்வாயையும் இடையறாது நோக்கிக் குறிப்பெழுதினார். 1908 ஆம் ஆண்டில் திருகோணமலையிலேயே அவர் காலமானார். செவ்வாயிலுள்ள வட்டக்குழி ஒன்று இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

எதிர்ச்சான்றுகள்

லொவெலின் கொள்கையை எதிர்த்தோர் பலர். அவர்கள் கையாண்ட வழிகளும் பல. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது வழி கண்ணையே பரிசோதித்தல். 1903 ஆம் ஆண்டில் எட்வேட் மோண்டர் என்னும் ஆங்கில வானியலாளர், இவான்ஸ் என்பவருடன் சேர்ந்து கிரீனிச்சிலுள்ள பாடசாலை ஒன்றின் சிறுவர்களைக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். ஒழுங்கற்ற புள்ளிகளும் நிழல்களும் கொண்ட வட்டப்படம் ஒன்றை வகுப்பின் முன்னே தூக்கி, கண்டதை வரையுமாறு பணித்தார். படத்தில் நேர்க்கோடு இல்லை. அண்மையில் இருந்தோர் புள்ளிகளைப் புள்ளிகளாக வரைந்தனர். மிகச் சேய்மையில் இருந்தோர்க்கு அவை புலப்படவில்லை. இடையில் இருந்தோர் பலர் கோடுகளை வரைந்தனர். தெளிவுக்கும் தெளிவின்மைக்கும் இடைப்பட்ட எல்லையில், தனித்தனிப் புள்ளிகளைக் கண்ணும் மனமும் இணைத்துக் கோடாக்கிவிடும் என்பது இதனாற் பெறப்பட்டது. பிரான்சிற் கமீல் பிளமாரியோன் இதனை மீளச் செய்தபோது மாணவர் கோடு வரையவில்லை என்பதையும் கூறுதல் முறையாகும். ஆகவே, இப்பரிசோதனை ஐயத்தை எழுப்பியதேயன்றி வழக்கை முடிக்கவில்லை.

இரண்டாவது வழி ஒளியைப் பகுத்தல். 1894 ஆம் ஆண்டிலேயே லிக் அவதான நிலையத்துக் கம்பெல், செவ்வாயின் நிறமாலையை வளிமண்டலமற்ற சந்திரனின் நிறமாலையோடு ஒப்பிட்டு, இரண்டிற்கும் வேறுபாடு காணவில்லை என அறிவித்தார். நீராவி அங்கு அளந்தறியத்தக்க அளவில் இல்லை என்பது இதன் பொருள்.

மூன்றாவது வழி கணக்கு. தார்வினுடன் ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட அல்பிரட் ரசல் வொலஸ், 1907 ஆம் ஆண்டிற் தமது எண்பத்து நான்காம் வயதில் லொவெலுக்கு மறுப்பாக ஒரு நூல் எழுதினார். ஞாயிற்றிலிருந்து செவ்வாய் பெறும் வெப்பத்தையும் அதன் வளியின் மென்மையையும் கணக்கிட்டு, அக்கோளின் பெரும்பகுதி நீர் உறையும் நிலையினும் மிகக் குளிர்ந்தது என அவர் காட்டினார். அன்றியும், வறண்ட பாலையினூடே ஆயிரக்கணக்கான மைல் தூரம் திறந்த கால்வாயில் நீரை விடுதல், வழியிலேயே ஆவியாகவும் மண்ணிற் சுவறவும் விடுதலாகும். அஃது அறிவுடையோர் செயலாகாது என்றார். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வொலஸ் தாமும் விருப்பு வெறுப்பற்றவரல்லர். அண்டம் முழுவதிலும் மனிதன் ஒருவனே அறிவுடையோன் என்ற கொள்கையை நிலைநாட்ட விரும்பியவர். ஆயினும் அவரது கணக்கு சரியாயிருந்தது. வாதிப்போனது விருப்பத்தைக்கொண்டு வாதத்தை ஏற்றலும் தள்ளலும் தகாது. வாதம் தன் காலிலே நிற்கின்றதா என்று நோக்குதலே முறை.

நான்காவது வழி சிறந்த கருவி. யூஜீன் அந்தோனியாடி முன்னர்த் தாமும் கால்வாய்களை வரைந்தவர். 1909 ஆம் ஆண்டு செத்தெம்பர் 20 ஆம் நாள், பாரிசுக்கு அண்மையிலுள்ள மெதோன் அவதான நிலையத்தின் ஏறத்தாழ 33 அங்குலத் தொலைகாட்டியால், வளி அசைவற்று நின்ற வேளையிற் செவ்வாயை நோக்கினார். நேர்க்கோடுகள் இருக்குமிடத்தில் எண்ணிறந்த சிறு புள்ளிகளும் ஒழுங்கற்ற நிழல்களும் தெரிந்தன. சிறு கருவிக்குக் கோடாய்த் தோன்றியது, பெருங் கருவிக்குப் புள்ளிகளின் தொகுதியாயிற்று. தாம் வரைந்த கோடுகளைத் தாமே அழித்த அந்தோனியாடியின் செயல், அறிஞர் ஒவ்வொருவரும் போற்றத்தக்கது.

லொவெல் தம் கொள்கையை விட்டாரல்லர். 1916 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அதனையே பற்றி நின்றார். வெள்ளிக் கோளிலும் சக்கரத்தின் ஆரங்கள் போன்ற கோடுகளை அவர் கண்டதுண்டு. தொலைகாட்டியின் வாயை மிகக் குறுக்கி நோக்கியமையால், தம் கண்ணின் உள்ளிருக்கும் குருதிக் குழாய்களின் நிழலையே அவர் கண்டிருத்தல் கூடும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். வேற்றுலகைத் தேடியவர் தம் கண்ணையே கண்டார் எனின், அதனினும் பொருள் பொதிந்த நிகழ்ச்சி விஞ்ஞான வரலாற்றில் அரிது.

ஆயினும் கோடுகள் எளிதில் மறையவில்லை. 1962 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க வான்படை வெளியிட்ட செவ்வாய்ப் படத்திலும் அவை இடம்பெற்றிருந்தன. 1965 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயை ஏறத்தாழ 6,100 மைல் தூரத்திற் கடந்து சென்று, இருபத்தொரு முழுப்படங்களையும் ஒரு குறைப்படத்தையும் அனுப்பியது. அவற்றிற் கால்வாய் இல்லை. சந்திரனிற் போன்ற வட்டக்குழிகளே இருந்தன. வளியழுத்தம் பூமியினதில் நூறில் ஒரு பங்கினும் குறைந்தது எனவும் தெரியவந்தது. 1971 ஆம் ஆண்டிற் செவ்வாயைச் சுற்றிவரத் தொடங்கிய மரினர் 9, பண்டொரு காலத்தில் நீர் அரித்த வறண்ட பள்ளத்தாக்குகளைக் காட்டியது. பழைய படங்களில் வரையப்பட்ட கோடுகளுள் மிகச் சிலவே உண்மையான நில அமைப்புக்களோடு பொருந்தின. இயற்கை நீர்வழி என்ற பொருளில் ‘கனாலி’ செவ்வாயில் உண்டு. ஆனால் அவை ஸ்கியாப்பரெல்லி கண்ட கோடுகள் அல்ல.

பிழையின் பயனும் பெற்ற பாடமும்

இப்பெரும் பிழை பயனற்றுப் போகவில்லை. செவ்வாயினரைக் காண எழுந்த பிளாக்ஸ்தாப் நிலையத்திலேயே, விண்மீன் தொகுதிகளின் விரைவை வெஸ்டோ ஸ்லைபர் 1912 ஆம் ஆண்டு முதலாக அளந்தார். அண்டம் விரிகின்றது என்ற அறிவுக்கு அவ்வளவைகள் துணையாயின. 1930 ஆம் ஆண்டிற் புளூட்டோவும் அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. வெல்ஸின் கதையை இளமையிற் கற்ற றொபேட் கொடாட், பின்னர்த் திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ஏவுகணையை 1926 ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தினார்.

பாடமும் கற்கப்பட்டது. 1960 ஆம் ஆண்டிற் பிராங்க் டிரேக், மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள கிரீன் பாங்க் நிலையத்தின் வானொலித் தொலைகாட்டியை அண்மையிலுள்ள இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பி, அறிவுடையோர் அனுப்பும் குறிகளைத் தேடினார், குறி எதுவும் கிடைக்கவில்லை, அவ்வாறே அறிவித்தார். 1967 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜொசெலின் பெல், ஏறத்தாழ ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் ஒழுங்காக வரும் வானொலித் துடிப்புக்களைக் கண்டார். வேற்றுலகத்தார் எழுப்பும் ஒலியோ என்ற எண்ணம் அங்கும் எழுந்தது. ஆனால் அவர்கள் அதனை உலகுக்கு முழங்கவில்லை. வானின் வேறொரு திசையில் அத்தகைய இரண்டாவது துடிப்பும் காணப்பட்டபோது, அஃது இயற்கைப் பொருளே என்பது உறுதியாயிற்று. இவ்வாறு துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்டன. லொவெல் விரைந்து நடந்த வழியில் இவர்கள் நின்று நோக்கினர், வேறுபாடு அதுவே.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரும் புகழ் பெற்றார். 1923 ஆம் ஆண்டிற் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும, அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 1969 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரருகே வீழ்ந்த விண்கல்லைத் தம் குழுவினருடன் பகுத்தாராய்ந்தார். அதில் உயிர்ப்பொருளின் அடிப்படையாகிய அமினோவமிலங்கள் இருந்தன. அவை பூமியில் ஒட்டிய அழுக்கோ என்ற ஐயத்தையே அவர் முதலில் தீர்க்க முற்பட்டார். பூமியின் உயிர்கள் இடக்கை அமைப்புடைய அமினோவமிலங்களையே பெரிதும் பயன்படுத்துகின்றன. கல்லில் இடக்கை வலக்கை என்னும் இரு வகையும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. ஆகவே அவை விண்ணிலிருந்து வந்தவை என்பதும், உயிரின் துணையின்றி உண்டாகியிருத்தல் வேண்டும் என்பதும் 1970 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்டன.

இன்று தேடல் விரிந்துள்ளது. ஞாயிற்றை ஒத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995 ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டது. 2025 ஆம் ஆண்டளவில் உறுதிசெய்யப்பட்ட வெளிக்கோள்களின் தொகை 6,000 ஐக் கடந்தது. 1976 ஆம் ஆண்டிற் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் உயிரை உறுதிப்படுத்தவில்லை. 2021 ஆம் ஆண்டில் அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, 2024 ஆம் ஆண்டிற் பாறை ஒன்றிற் புள்ளிகள் சிலவற்றைக் கண்டது. அவை நுண்ணுயிர்களின் செயலால் விளைந்திருத்தல் கூடும் என 2025 ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சியாளர், உயிரின்றியும் அவை விளைதல் கூடும் என்பதைத் தாமே எடுத்துரைத்தனர். மீண்டும் செவ்வாயிற் புள்ளிகள்! ஆனால் இம்முறை புள்ளிகளை எவரும் அவசரப்பட்டுக் கோடாக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் பெறுவது யாது? கால்வாய்கள் பொய்த்தமையால் வேற்றுலக உயிர் பொய்யாகிவிடாது. அவ்வினா இன்றும் திறந்தேயுளது. பொய்த்தது ஒரு விடையே. அவ்விடையை ஆக்கியோர்க்கு அறிவு குறைவில்லை, உழைப்புக் குறைவில்லை, நேர்மையும் குறைவில்லை. குறைந்தது ஒன்றே: தாம் மிக விரும்பிய முடிவினை மிகக் கடுமையாகச் சோதித்தல் வேண்டும் என்னும் மனக்கட்டுப்பாடு. பகைவனது சான்றை நாற்புறமும் புரட்டிப் பார்க்கும் நாம், நமக்கு உவப்பான சான்றினைத் தொட்டும் பாராது ஏற்றுக்கொள்ளுகின்றோம். வானியலுக்கு மட்டுமன்றி, நம் முன்னோரது பழமையை ஆராயும் வரலாற்றுத் துறைக்கும் இக்குற்றம் பொதுவானது. கல்வெட்டின் சிதைந்த எழுத்துக்களை நோக்கும் மாணவனும், செவ்வாயின் மங்கிய வட்டத்தை நோக்கிய லொவெலும் ஒரே இடத்திலேயே நிற்கின்றனர். இடைவெளிகளை நிரப்ப விரும்பும் மனம் இருவரிடத்தும் உண்டு. காணாத எழுத்தைக் காணாததாகவே விட்டுச் செல்லும் துணிவை அம்மாணவன் பெறுவானாயின், செவ்வாயின் இல்லாத கால்வாய்கள் நம் வயலுக்கும் நீர் பாய்ச்சியனவாகும்.